வெளியேறும் பக்கத்தில் உன் அப்பாவின் படம்

பிரபு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எப்போதும் பேச்சை ஆரம்பிப்பேன். இன்று கேட்கவில்லை. கோபமாக இருக்கிறேன். அடுத்த வாரம் நீ விமானம் ஏறப்போகிறாய். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். போனில் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்திருக்கலாம். ஆனால் நீ செய்த காரியம் என்னோடு நிற்கவில்லை. உன் கம்பெனியின் ஆப்பை வைத்திருக்கும் எத்தனையோ பேர் தலையில் அது விடிந்திருக்கிறது. அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். உன் வேலைக்கு என்னால் கெடுதல் வரக்கூடாது. அந்த அளவுக்கு இன்னும் உன் அம்மாவாகத்தான் இருக்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். திண்டிவனத்தில் வீடு, தினமும் பஸ். இவன் அப்பா ஏழுமலைக்கு ரேடியோ செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டி, மைக்கில் அறிவிப்பும் செய்கிறவர். எங்கள் இருவருக்கும் அந்த ஆப்பில் கணக்கு திறந்து கொடுத்ததே நீதான், பிரபு. ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு வந்து, அப்பாவுக்கு ஒரு போன், எனக்கு ஒரு போன் என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாய். அவர் விழாவுக்கு விழா லைவ் போட ஆரம்பித்தார். நான் என்னோடு நர்ஸிங் படித்தவர்களையெல்லாம் அங்கே கண்டுபிடித்தேன். திருவெண்ணெய்நல்லூர் கமலாவை எத்தனை வருடம் கழித்துப் பார்த்தேன் தெரியுமா! அந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. உள்ளே வரும்போது வாசலில் பூரணகும்பம் வைத்துத்தான் கூப்பிட்டார்கள்.

பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசியில் என் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். டாக்டர் இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு இட்டுக்கினு போயிடு, இங்க வாணாம்" என்றார். என் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டருக்கு அதில் இஷ்டமில்லை. என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, அவரே டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக் கையில் கொடுத்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் பெரிய உறையில் போட்டு உன்னிடம்தான் தந்தார்கள். அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாய். தன் வீட்டுக் கட்டிலில், தன் கடை ஆம்ப்ளிஃபயர் இருக்கும் அறையில்தான் அவர் போனார். அன்று யாராவது ஆஸ்பத்திரி வாசலில் மறித்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அப்புறம் உன் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. பேனர் கடையில் கண்ணீர் அஞ்சலி அடிக்கக் கொடுத்துவிட்டு, அதே படத்தை வாடிக்கைக்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று, கையில் இருந்த போனிலிருந்து அந்த ஆப்பில் போட்டுவிட்டார். கையில் இருந்தது உன் அப்பாவின் போன். ஆக, ஏழுமலையே தன் பக்கத்தில் வந்து, "எங்கள் குடும்பத்தின் குலவிளக்கு ஏழுமலை அவர்கள் இயற்கை எய்தினார், கண்ணீருடன் உற்றார் உறவினர்" என்று ஊருக்கு அறிவித்துவிட்டார்! துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீயும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்தது எவ்வளவு தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. செத்துப்போன அன்றைக்கும் பதிவு போட்டிருக்கிறார் என்றால் ஆள் உயிரோடுதானே இருக்க வேண்டும்? உங்கள் கம்பெனியின் கணக்கில் அவர் சாகவே இல்லை.

கருமாதி முடிந்ததும் தெருமுனையில் இருந்த பேனரை அவிழ்த்தார்கள். அதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த ஆப்பில் யாரும் எதையும் அவிழ்க்கவில்லை. அவர் பிறந்தநாள் வந்தபோது, 'ஏழுமலைக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள்' என்று பலூன் பறக்கவிட்டார்கள். விஷயம் தெரியாத யாரோ, "நூறாண்டு வாழ்க அண்ணே" என்று எழுதியிருந்தார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சாவது விதிமீறல் இல்லைதான். அதற்கு மேல் யாரிடம் சொல்வது? அங்கே பேசுவதற்கு ஆளே இல்லை. அது உன் பிரிவு இல்லை என்று நீயும் கைவிரித்தாய். அவர் நம்பரும் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது, உள்ளே நுழையக் கேட்கிற ஓ.டி.பி. இப்போது எந்த ஊரில் எவர் போனில் விழுகிறதோ. அவர் பக்கத்துக்குள் போக நமக்கு வழியில்லை. அவர் லைவ் போட்ட வீடியோக்களை, நண்பர் என்ற முறையில் என் கணக்கிலிருந்து பார்க்க மட்டும்தான் முடிந்தது. எனக்கு மிஞ்சிய அவர் குரல் அவ்வளவும் அங்கேதான் கிடந்தது.

அதனால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது வருடமும் பலூன் வந்த அன்று, போதும் என்று தோன்றியது. விழுப்புரத்தில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். வெளியேறுகிற இடத்தைத் தேடினேன். எங்கெங்கோ சுற்றிப் போகிறது அந்த வழி. உங்கள் தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றது ஒரு இடத்தில். கேட்டதற்குச் சில நாள் கழித்து ஒரு மூட்டை வந்தது. அதில் நான் எழுதியது இருந்தது, என் படங்கள் இருந்தன. அப்பாவின் வீடியோ ஒன்றுகூட இல்லை. அவை அவருடையவையாம், எனக்கு உரிமை இல்லையாம். கமலாவின் பெயர் இருந்தது. வேறு எங்கிருந்தாவது கமலாவிடம் பேச ஒரு வழி இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அன்று நான் பார்த்தது கடைசிப் பக்கத்தைத்தான்.

அந்தப் பக்கத்தில் உன் அப்பா இருந்தார். வட்டத்துக்குள், கழுத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, சிரித்தபடி. நீ எடுத்த படம். கீழே, 'ஏழுமலை உங்களைத் தேடுவார்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே பெரிய நீலப் பட்டன்: 'இருக்கிறேன்'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற சாம்பல் எழுத்தில், 'பரவாயில்லை, அவரை விட்டுவிட்டுப் போகிறேன்'.

திண்டிவனம் வண்டி வந்தது. கண்டக்டர், "ஏறும்மா, ஜல்தி" என்றார். நான் ஏறவில்லை. நான் நர்ஸ், பிரபு. அந்த மனுஷனின் நாடி நின்றதை என் விரலால் பார்த்தவள். அவர் என்னைத் தேட முடியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் 'விட்டுவிட்டுப் போகிறேன்' என்பதை அழுத்த அதே விரலுக்குத் தெம்பு வரவில்லை. நீலப் பட்டனை அழுத்திவிட்டேன். என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு பக்கத்தைச் செய்தவனுக்கு வீட்டில் சாவே விழுந்ததில்லையா, அம்மா அப்பா என்று யாருமே கிடையாதா என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வெளிநாடு போகிற பிள்ளை என்று சித்தப்பாவும் வந்து இலையில் உட்கார்ந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பிடி இன்னாடா வேல அது? கம்ப்யூட்டர்ல இன்னாதான் பண்ணிக்கினு இருக்கே?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஆப்பை விட்டு ஆளுங்க போயிடாம பாத்துக்கறது சித்தப்பா. போறவங்களுக்குக் கடைசியா ஒரு பேஜ் வரும். அது என் ஐடியாதான். யாரோட அதிகமா பேசியிருக்காங்களோ அவங்க போட்டோ வரும். நெறைய பேரு அதப் பாத்துட்டு நின்னுடறாங்க. இந்த ப்ரமோஷனே அதுக்குத்தான்."

"கெட்டிக்காரன்டா நீ! எப்பிடிடா தோணிச்சு?"

"அம்மாவப் பாத்துதான். அப்பா போனப்புறம் அம்மா அவரு பக்கத்தையே தொறந்து தொறந்து பாத்துக்கினு இருந்தாங்க இல்ல? ஒரு மூஞ்சி போதும், ஆளு நகர மாட்டாங்கன்னு அப்பதான் புரிஞ்சிது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தாய் போலிருக்கிறது. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ரசம் எடுக்கப் போனதாகத்தான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, யாருமே இல்லாதவன் என்று நான் திட்டியது என் பிள்ளையை. வேறு எவனோ செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். நான் அழுததை நீ பார்த்திருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டே, இது உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறாய். என் துக்கத்தைக் கொண்டுபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டாய், பிரபு. கூட இருந்தவன் செய்த துரோகம் இது. வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது வந்து, "ஏம்மா ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாய். நான் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து உன் கையில் கொடுத்தேன். அப்பாவைப் பார்த்தாய். உன் முகம் செத்துப்போனது, அதைக் கவனித்தேன். பிறகு, "யாரையும் கட்டிப் போடலையேம்மா. பட்டன் இருக்குது, அழுத்தினா போயிடலாம். எல்லா ஆப்லயும் இப்பிடித்தான்" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததாக ஒன்று சொன்னாயே: "உனக்கு மட்டும் இது வராம பண்ணிடச் சொல்றேன். டீம்ல சொன்னா ஈஸியா எடுத்துடுவாங்க."

எனக்கு மட்டுமா?

முண்டியம்பாக்கத்தில் என் வார்டுக்கு வந்து பார். "சிஸ்டர், எங்க அம்மாவ இட்டுக்கினு போயிடறோம், எழுதிக் குடுத்துடறோம்" என்று வாரத்துக்கு ஒரு குடும்பமாவது வந்து நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பிழைக்கிற கேஸ் என்று தெரியும். திட்டுவேன், கெஞ்சுவேன், டாக்டரைக் கூட்டி வந்து சொல்லச் சொல்வேன். அதற்கும் மேல் போகிறேன் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்மரியைக் கொடுப்போம், எக்ஸ்ரேயைக் கொடுப்போம். ஏன் கொடுக்கிறோம்? போகிற இடத்தில் இன்னொரு டாக்டர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். எங்களை விட்டுப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது. நாளைக்கே முடியாமல் திரும்பி வந்தால், ஏன் போனாய் என்று கேட்காமல் பெட் போடுவோம். உயிரே போகக்கூடிய இடத்தில் கதவு அப்படித் திறந்திருக்கிறது. ஆட்டுக்குட்டி வீடியோவும் அரசியல் சண்டையும் ஓடுகிற இடத்தில் எதற்கு உங்களுக்கு இத்தனை பூட்டு?

பட்டன் இருக்கிறது என்கிறாய். பட்டன் இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று ஆகிவிடுமா? என் போன் சிக்னல் கிடைக்காமல் பேஜாராக இருந்தபோது நீயே கம்பெனி மாற்றிக் கொடுத்தாய். நம்பர் மாறவில்லை. உன் சித்தப்பா பழைய கம்பெனியிலேயே இருந்தார். நான் கூப்பிட்டால் அவருக்கு மணி அடித்தது. கோபித்துக்கொண்டு எவனும் லைனை அறுக்கவில்லை. அது விட்டுப்போகும் சுதந்திரம். உன் ஆப்பை விட்டுப் போனால் கமலா இல்லை, எங்கள் பேட்ச்சு இல்லை, அவள் மகள் கல்யாணச் சேதி எனக்கு வராது, உன் அப்பாவின் குரல் இல்லை. எங்கள் ஆட்களை எல்லாம் நாங்களே கூட்டி வந்து உள்ளே உட்கார வைத்தோம். இப்போது அவர்களையே காட்டி எங்களை மடக்குகிறீர்கள். நன்றாக நடத்துகிற கடை என்றால் ஆள் தானாக இருப்பான். போகிறவனின் சட்டையைப் பிடிக்கும்போதே, உள்ளே இருப்பதன் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

உன் அப்பாவின் முகத்தை இந்தக் காரியத்துக்கு வைத்தாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் யார் என்று உனக்குத் தெரியாதா? திருவக்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடித் திருவிழா. நீ பிளஸ் டூ முடித்திருந்தாய், வயர் இழுக்கக் கூடப் போயிருந்தாய். பாட்டுக் கச்சேரி களைகட்டிய நேரத்தில் கடைசி பஸ் வந்து நின்றது. உன் அப்பா மைக்கை வாங்கி, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, திண்டிவனம் போற கடைசி வண்டி வந்து நிக்குது. போறவங்க போலாம். புள்ளைங்களப் பாத்து கூட்டிக்கினு போங்க" என்றார். பாதிக் கூட்டம் எழுந்து போனது. விழாக்காரர் ஓடி வந்து, "யோவ், கூட்டத்தக் கலைக்கவா உன்னக் கூப்ட்டேன்?" என்று கத்தினார். உன் அப்பா வயரைச் சுற்றிக்கொண்டே, "வூட்டுக்குப் போக முடியலன்னா அடுத்த வருசம் எவன் வருவான்? போறவன் நல்லாப் போகட்டும்யா" என்றார். வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டியவன் நீ. எந்த விழாவிலும் அவர் அந்த அறிவிப்பை விட்டதில்லை. அந்த மனுஷனின் படத்துக்குக் கீழே, 'போகாதே' என்று எழுதி வைத்திருக்கிறாய். அவர் வாழ்நாளில் சொல்லாத வார்த்தை அது.

நேற்று நான் வெளியே வந்துவிட்டேன். உன் டீமிடம் சொல்லி எனக்கு மட்டும் திறந்த கதவு வழியாக இல்லை. எல்லோரும் போகிற வழியாகவே போனேன். அதற்கு முன்னால் சித்தப்பாவின் போனை வாங்கி வந்து, என் போனுக்கு எதிரே பிடித்து, அவர் குரலைப் பதிய முயன்றேன். சொந்த வீட்டிலேயே திருடுகிற மாதிரி இருந்தது. சித்தப்பா, "இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கே?" என்று கேட்டதுகூட அதில் விழுந்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் காதில் விழும்படி வந்தது. மற்றவை இரைச்சல். இரைச்சலையும் வைத்திருக்கிறேன். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அந்தச் சாம்பல் எழுத்தை அழுத்தினேன். அழுதேன். நர்ஸிங் படித்த காலத்து முகவரிக்குக் கமலாவுக்குத் தபால் அட்டை போட்டிருக்கிறேன், பதில் வருகிறதா பார்ப்போம்.

உன் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அங்கே போய் உட்காருகிற நாற்காலியில் இருந்து அந்தப் பக்கத்தைக் கழற்று. போகிறவர்கள் கையில் அவர்கள் சாமானைக் கொடு. வெளியே போன பிறகும் உள்ளே இருப்பவரோடு பேச ஒரு வழி வை. என் அழுகையைப் பார்த்து ஒன்று செய்யத் தெரிந்தவனுக்கு, அதையே பார்த்து இன்னொன்று செய்யவும் தெரியும். செய்கிறவரை என் கோபம் தீராது. வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், பேச மாட்டேன்.

அடுத்த வாரம் நீ பெட்டியோடு வாசலில் நிற்பாய். எனக்கும் வயதாகிறது, இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான். கூடத்தில் உன் அப்பா படம் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து உன் முகத்துக்கு நேரே நீட்டி, 'இவர் உன்னைத் தேடுவார்' என்று சொன்னால் போதும். நீ போக மாட்டாய். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் அதைச் செய்ய மாட்டேன். உன் மாற்று மூக்குக்கண்ணாடி, உன் சான்றிதழ்கள், நீ கேட்டபடி கடலை வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடி எல்லாம் பையில் வைத்துக் கையில் கொடுப்பேன். அப்புறம், பதிய முடிந்த அந்த ஒன்றைப் போடுவேன். இரைச்சலும் சித்தப்பாவின் குரலும் நடுவில் வரும், பொறுத்துக் கேள். வண்டி வந்து நிற்கிறது, போகிறவர்கள் போகலாம் என்று உன் அப்பாவே உனக்குச் சொல்வார்.

அம்மா